நான் அழித்த ஒரு நட்சத்திரம்

என்றும் என் பிரியத்துக்குரிய பரமேஸ்,

உன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று இன்று காலை யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. நாலு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்திருக்கிறோம். ஆனால் நீ பேனை பிடித்து எழுதி நான் பார்த்தது மிகக் குறைவு. நீ எழுதிவிட்டுப் போனதெல்லாம் கணினிக்குள்தான் கிடக்கிறது. அதில் ஒரு குறிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அதனால் உனக்கும் எனக்கும் தெரிந்த விஷயங்களைக்கூட மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். "அக்கா பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டாங்க" என்று நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். சிரி. இன்று மட்டும் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ப் புதினம். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாம் வேலை செய்த கந்தோர் இருந்த மாடிக்குக் கீழே புடைவைக்கடை இருந்ததே, அது இப்போது கைத்தொலைபேசிக் கடை. படிக்கட்டு அதே இருட்டுத்தான். நீ இரண்டு தரம் வழுக்கிய ஏழாவது படியை இன்னும் ஒருவரும் திருத்தவில்லை. கந்தோரை நடத்தும் நம் சேர் தலைக்கு மை பூசுவதை விட்டுவிட்டார், திடீரென்று பத்து வயது கூடின மாதிரி இருக்கிறார். உன் கதிரையில் யார் யாரோ இருந்து பார்த்தார்கள். ஒருவரும் நிலைக்கவில்லை.

நம் மழை நிரல், நீ எழுதிய அந்தக் கணினிப் புரோகிராம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பரமேஸ். அதுதான் பெரிய புதினம்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டங்களில் மழையை அளப்பதற்கு ஒரு செம்புப் புனலும் அதற்குக் கீழே ஒரு போத்தலும் வைத்திருப்பார்கள். காலையில் ஒருவர் போய், போத்தலில் சேர்ந்த தண்ணீரை அளந்து வந்து கந்தோரில் சொல்வார். கிளாக்கர் அதைப் பதிவார். மூன்று நாள் மழையைக் கூட்டிப் பார்த்து, அளவு மிஞ்சினால் "மலை சரியலாம், கீழ் லயத்து ஆட்களை அப்புறப்படுத்துங்கள்" என்று கணினியே எச்சரிக்க வேண்டும். அந்த நிரலை எழுதியவள் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எட்டு அறைகளை ஒரே வரிசையாகக் கட்டிய எட்டுக் காம்பரா லயத்தில் பிறந்த பரமேஸ்வரி. அதற்குக் கையேடு தயாரித்தவள் நான். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு இலிகிதராக வந்தவர். எனக்கு இங்கிலிஷ் நன்றாக வரும், நல்ல தமிழ் அதைவிட நன்றாக வரும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

நிரல் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே குறிப்புகள் எழுதி வைப்பார்கள். கணினி அவற்றைத் தாண்டிப் போய்விடும். பின்னால் வந்து திறந்து பார்க்கிற மனிதருக்காக மட்டும் எழுதுவது அது. நம்மிடம் இருந்த ஒரு கருவி, இரண்டு நட்சத்திரக் குறியோடு தொடங்கும் குறிப்புகளை மாத்திரம் பொறுக்கியெடுத்துக் கையேட்டுப் பக்கங்களாக அடுக்கித் தரும். ஒரு நட்சத்திரம் மட்டும் போட்ட குறிப்பு உள்ளேயே இருந்துவிடும். இந்த ஒரு விஷயம் விளங்கினால் மிச்சக் கதை முழுக்க விளங்கும்.

அந்த நாளில் நம் கணினிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கையேட்டை மட்டும் அச்சகத்தில் தமிழ் எழுத்தில் கோத்து அச்சடிப்பார்கள். சேர் இங்கிலிஷில் குறிப்பு எழுதச் சொன்னார். நீ ஒரு கிழமை முயன்று பார்த்துவிட்டு, ஆங்கில எழுத்திலேயே உங்கள் வீட்டுத் தமிழை அடிக்கத் தொடங்கினாய். நாட்களை எண்ணுகிற இடத்துக்கு மேலே, "பெப்ரவரி வந்தா தொல்லதான், பாத்து நடந்துக்கங்க." இன்னொரு இடத்தில், "இதுல கை வைக்காதீங்க. ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியல." நான் அவற்றைச் சத்தமாக வாசித்துக் காட்டிக் கந்தோரையே சிரிக்க வைத்திருக்கிறேன். நீயும் கூடச் சிரிப்பாய். ஆனால் ஒன்றையும் மாற்றமாட்டாய்.

அந்த ஒரு குறிப்பு வந்த விதமும் ஞாபகம் இருக்கிறது. முதலில் நீ எழுதிய நிரல், ஒரு நாள் மழையைப் பதியாமல் விட்டால் நின்றுவிடும். அடுத்த நாளுக்குப் போகவிடாது. தோட்டங்களிலிருந்து கிளாக்கர்மார் தொலைபேசியில் சண்டைக்கு வந்தார்கள். மாத அறிக்கை அச்சாகவில்லையாம். சேர் உன் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, வெறுமையாக விட்டால் மழை பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும்படி மாற்றச் சொன்னார்.

"அது சரி வராதுங்க சேர்," என்றாய். "அப்பாதான் எங்க தோட்டத்துல போத்தல் பாத்தாரு. மழ ரொம்பப் பெஞ்சா ஆத்தத் தாண்டிப் போக முடியாது. அன்னைக்கும் புத்தகத்துல ஒண்ணும் இருக்காது. வெயிலடிச்சாலும் ஒண்ணும் இருக்காது. ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதாங்க இருக்கும்."

சேர் கேட்கவில்லை. நீ மாற்றினாய். மாற்றிவிட்டு, அந்த வரிக்கு மேலே இரண்டு நட்சத்திரத்தோடு இப்படி எழுதினாய்:

"கட்டம் வெறுமையா இருந்தா மழ பெய்யலேன்னு நெனச்சிராதீங்க. மழ ரொம்பப் பெஞ்ச அன்னைக்குத்தான் போத்தலப் பாக்கப் போக ஆள் இருக்காது. ரெண்டு நாள் வெறுமையா இருந்தா கம்ப்யூட்டரப் பாக்காதீங்க. வெளிய வந்து ஆத்தப் பாருங்க."

இப்போது வாசித்தால் இதைவிடத் தெளிவாக ஒருவரால் எழுத முடியுமா என்று தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. கொழும்பிலிருந்து கையேட்டைப் பார்க்க ஆட்கள் வரப்போகிறார்கள். அழகாக அடுக்கிய என் பக்கங்களுக்கு நடுவே இது நிற்கிறது.

"என்ன பரமேஸ் உது? உதை வாசிச்சால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்றேன்.

"வாசிக்கப்போறது தோட்டத்துக் கிளாக்கர்தானேக்கா. அவருக்கு இதுதான் வெளங்கும்."

"வெளங்கும் எண்டதுக்காகக் கண்டதையும் அச்சில போடேலாது."

உன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, கட்டைச் சம்பலும் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் நான் அந்தக் குறிப்பிலிருந்து ஒரு நட்சத்திரத்தை அழித்தேன். ஒரு விசையை ஒரு தரம் தட்டினேன், அவ்வளவுதான். கருவி அதைத் தாண்டிப் போய்விட்டது. கையேட்டில் அந்த இடத்துக்கு நானே சொந்தமாக ஒரு வசனம் எழுதினேன்: "மழை பதியப்படாத நாட்களில் உரிய கட்டத்தை வெறுமையாக விடலாம்."

விடலாம். எவ்வளவு மரியாதையான சொல், பார்.

உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயமாக அது எனக்குத் தெரியவில்லை. கையேடு அச்சாகி வந்த நாளில் நீ அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசமா இருக்குக்கா" என்றாய். பக்கம் புரட்டிப் பார்க்கவில்லை. நான் செய்தால் சரியாக இருக்கும் என்று நீ நம்பினாய்.

அந்தத் தீபாவளிக்கு நீ வீட்டுக்குப் போனாய். மழை தொடங்கியிருந்தது. உன் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தார். போத்தல் பார்க்கிற வேலை வேறு ஆளிடம் போயிருந்தது. முதல் நாள் மழையை அந்த ஆள் அளந்து சொன்னார். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஆற்றில் தண்ணீர் பெருகி, அவர் அந்தப் பக்கம் போகவேயில்லை. கிளாக்கர் கட்டங்களை வெறுமையாக விட்டார். நம் நிரல் மூன்று நாள் மழையைக் கூட்டியது. ஒரு நாள் மழைதான் வந்தது. ஆபத்தில்லை என்று பச்சை எழுத்தில் காட்டியது.

கீழ் லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கட்டுமா என்று காலையிலேயே கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பயமில்லை என்கிறது என்று கந்தோரில் பதில் வந்திருக்கிறது. அதைக் கேட்டு நீ பொலித்தீன் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு கந்தோருக்கு ஓடினாய். கிளாக்கர் உனக்குக் கையேட்டைத் திறந்து காட்டினார். நீ அங்கே அதிக நேரம் நின்று வாதாடவில்லை. திரும்பி ஓடி வந்து, ஒவ்வொரு காம்பராக் கதவாகத் தட்டி எல்லாரையும் கிளப்பினாய். அந்த நிரலை எழுதிய பிள்ளையே ஓடச் சொல்கிறதே என்றுதான் ஆட்கள் வெளிக்கிட்டார்களாம். அப்பாவைத் தூக்குவதற்கு ஆள் கூட்டி வர அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினார். நீ அப்பாவின் பக்கத்தில் இருந்தாய்.

அம்மா ஆட்களோடு திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. மற்ற எல்லாரும் தப்பினார்கள், பரமேஸ். ஒருவர் குறையவில்லை. நீயும் அப்பாவும்தான்.

பிறகு விசாரணை வந்தது. கிளாக்கர் எழுந்து, "அந்தப் பிள்ளையே 'என் புரோகிராம்லதான் ஏதோ விட்டுப் போயிருக்கும்'னு சொல்லிச்சுங்க" என்றார். அறை முழுக்கத் தலையாட்டியது. அடுத்து என்னை எழுப்பினார்கள். வெறுமையான கட்டங்களைப் பற்றி நிரலாளர் ஏதாவது எச்சரிக்கை எழுதியிருந்தாரா என்று கேட்டார்கள்.

"கையேட்டில் அப்படி ஒன்றும் இல்லை," என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. உன் நிரலின் முதல் பிரதியும் குறிப்பும் இருந்த பிளொப்பித் தட்டு அந்த நேரம் என் கைப்பையில்தான் இருந்தது. எனக்குப் பயம். வேலை போய்விடும், பெயர் கெட்டுவிடும், என் அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம். வேறு எந்தக் காரணமும் இல்லை. அறிக்கையில், தன் நிரலில் குறை இருந்ததை நிரலாளரே ஒப்புக்கொண்டிருந்தார் என்று எழுதி மூடினார்கள்.

அந்த வருடம் முடிவதற்குள் ஒரு தரம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். மேற்பிரிவில் ஒரு பழைய காம்பராவைக் கொடுத்திருந்தார்கள். லயத்தில் இரண்டொருவர் அவர் காதில் விழும்படியே சொல்வார்களாம், "அவ எழுதின மிசினுதான் அவளையும் கொண்டு போச்சு." அம்மா எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். உன் படத்தைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

"அவ படிச்சது பத்தலைங்க மிஸ்," என்றார். "ஒங்கள மாதிரி இன்னுங் கொஞ்சம் படிச்சிருந்தா சரியா எழுதியிருப்பா. நாங்கதான் படிக்க வைக்கல."

நான் அந்தத் தேத்தண்ணீரை முழுவதும் குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்தேன். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. ஆறு வருடம்.

இந்த ஆறு வருடமும் நான் நித்திரை கொள்ளாமல் அழுதேன் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். நன்றாகத்தான் நித்திரை வந்தது. எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருந்தது. உன் நிரலில் குறை என்று நீயே சொன்னாயாமே. அப்படியென்றால் எனக்குத் தெரியாத வேறொரு பிழையும் உள்ளே இருந்திருக்கலாம். என் நட்சத்திரம் மட்டும் காரணமாக இருக்காது. இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். மத்தியான நேரம், பனிப்புகார் இறங்கி எதிர்ப்பக்கக் கடைகள் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர் "மிஸ்" என்று கூப்பிட்டார். அந்தக் கிளாக்கர். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அங்கே சின்னக் கடை வைத்திருக்கிறார். பிடிவாதமாக உள்ளே கூட்டிப் போய் இருக்க வைத்தார்.

"ஒங்கள எப்ப பாப்போம்னுதான் இருந்தேன் மிஸ்," என்றார். "விசாரணையில நான் சொன்னது பாதிதான்."

நான் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் பிள்ள கையேட்டுப் பக்கத்த ரெண்டு தடவ வாசிச்சிச்சு. 'இங்க நான் எழுதினது ஒண்ணு இருக்கணுமே'ன்னுச்சு. ஒங்க ஆபீஸ்லயே எடுத்துட்டாங்க போலன்னு நான் சொன்னேன். அதுக்குக் கோவம் வந்துருச்சு மிஸ். 'வதனி அக்கா அப்படிச் செய்யமாட்டாங்க. என் புரோகிராம்லதான் ஏதோ விட்டுப் போயிருக்கும்'னு சொல்லிட்டு ஓடிப்போச்சு. நான் அந்தக் கடைசிப் பேச்ச மட்டுந்தான் விசாரணையில சொன்னேன்."

"ஏன் முழுசாச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"முழுசாச் சொன்னா ஒங்க பேரு வரும். போனவங்க போயிட்டாங்க, உசிரோட இருக்கிறவங்க பேர ஏன் கெடுப்பானேன்னு நெனச்சேன். அது தப்புங்களா மிஸ்?"

பஸ் வந்து நின்று போனது. அடுத்ததும் போனது.

மலை இறங்கி வரப்போகிற நேரத்தில், ஓட வேண்டிய அவசரத்தில், நீ எனக்காக ஒரு கணம் நின்று கோபப்பட்டிருக்கிறாய். உண்மையிலேயே அப்படி நம்பினாயா? அல்லது தெரிந்துகொண்டே, வேற்று ஆளின் முன்னால் என்னை விட்டுக் கொடுக்கக் கூடாது என்று சொன்னாயா? இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியப்போவதில்லை. நீ என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை எடுத்துத்தான் உன்னைக் குற்றவாளி ஆக்கினார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியிலிருந்து அந்தப் பிளொப்பியை எடுத்தேன். ஏன் எறியாமல் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. திறக்குமோ திறக்காதோ என்று கணினியில் போட்டேன். திறந்தது. உன் முதல் பிரதி அப்படியே இருந்தது, உன் குறிப்பு, இரண்டு நட்சத்திரத்தோடு. அதை அச்சடித்து, என் கையால் ஒரு வாக்குமூலமும் எழுதி, விசாரணை நடத்திய கந்தோரில் நேற்றுக் கொடுத்துவிட்டேன். வாங்கிய பெண் முத்திரை குத்திவிட்டு, "இவ்வளவு பழசையா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இன்னும் ஒன்று. நம் நிரலைப் புதிதாகச் சில தோட்டங்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள். கையேட்டை மறுபடி என்னிடம்தான் தந்தார்கள். இப்போதைய கணினிக்குத் தமிழ் எழுத்துத் தெரியும். உன் குறிப்பை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், "நெனச்சிராதீங்க" என்பதை "நினைத்துவிடாதீர்கள்" ஆக்காமல், தமிழில் அடித்தேன். அழித்த நட்சத்திரத்தைத் திரும்பப் போட்டேன். வெறுமையாக விட்டால் நிரல் நின்றுவிடும்படி, நீ முதலில் எழுதிய மாதிரியே மாற்றியும் விட்டேன். நிரல் எழுதத் தெரியாத இந்த அக்காவுக்கு அதற்கு மூன்று நாள் பிடித்தது. சிரிக்காதே.

அதற்குக் கீழே நானும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் குறிப்பு அதுதான். "மேலே உள்ள எச்சரிக்கையை எழுதியவர் பரமேஸ்வரி. அதைப் பழைய கையேட்டிலிருந்து எடுத்தவர் வதனி. பரமேஸ்வரியின் நிரலில் பிழை இருக்கவில்லை." இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். கருவி பொறுக்கியெடுக்கும். ஒவ்வொரு தோட்டத்துக் கந்தோரிலும், மழை நாளில் பக்கம் புரட்டுகிற ஒவ்வொரு கிளாக்கரும் அதை வாசிப்பார்.

சேர் அந்த வரியை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் எடுக்கச் சொல்வார். எடுக்கமாட்டேன். வேலை போனால் போகட்டும்.

இந்தக் கடிதத்தை இப்போது உறையில் போட்டு ஒட்டி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பண்டாரவளை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து உங்கள் தோட்டத்துக்குப் போகிறேன். மேற்பிரிவுக் காம்பராவில் அம்மாவின் முன்னால் இருந்து, உன் குறிப்பை அவருடைய பேச்சிலேயே வாசித்துக் காட்டுவேன். என் பிள்ளை படித்தது போதாது என்று அவர் இனி ஒருநாளும் சொல்லக் கூடாது. நான் செய்ததையும் சொல்வேன். அவர் என்னைத் திட்டலாம், வெளியே போ என்று சொல்லலாம். தேத்தண்ணீர் தந்தால் இந்தத் தரம் குடிக்கமாட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, உன் படம் பெட்டியிலிருந்து சுவருக்கு வந்த பிறகுதான் இந்த உறை பத்திரிகைக்குத் தபாலில் போகும். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

'அப்படிச் செய்யமாட்டாங்க' என்று நீ சொன்ன,
அப்படிச் செய்த,
உன் அக்கா
வதனி